ரயிலை வேண்டாமென்ற ஊர்

லண்டன் பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு முதல் சில நாள் ஒரு குறையும் இருக்காது. பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒரு படம், டவர் பிரிட்ஜில் ஒரு படம், பிக் பென்னைச் சுட்டுவிரலால் தொடுகிற மாதிரி ஒரு படம். அதற்குப் பிறகு ஒரு காலையில் பெரியம்மாவின் முழங்கால் வேலைநிறுத்தம் அறிவிக்கும். "இண்டைக்குக் கிட்டடியிலை எங்கையாவது போவம், மோனை."

டோல்வொர்த்தில் குடியிருப்பவனுக்குக் கிட்டடி என்றால் கிங்ஸ்டன்தான். லண்டன் நடுவிலிருந்து தென்மேற்கே பத்து மைல், தேம்ஸ் ஆற்றங்கரை. 281ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் ஊர் நடுவில் இறக்கிவிடும். காரிலும் போகலாம். ஆனால் சனிக்கிழமையில் கிங்ஸ்டனின் ஒருவழிச் சுற்றுப்பாதைக்குள் அகப்பட்டவர்களுக்குத் தெரியும்: கார் தரிப்பிடம் கண்முன்னே நிற்கும், அதற்குள் நுழைகிற வாசல் மட்டும் அடுத்த சுற்றில்தான் வரும்.

கிங்ஸ்டனைச் சுற்றிக்காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. வின்ட்சருக்குக் கூட்டிப்போனால் கோட்டை தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளும். வழிகாட்டி ஓரமாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிடலாம். இங்கே பெருமைகள் எல்லாம் கடைக்குக் கீழேயும் கம்பி வேலிக்குள்ளேயும் கார் ஓடும் தெருவுக்கு அடியிலும் ஒளித்துக் கிடக்கின்றன. வாயால்தான் பெருப்பிக்க வேண்டும். இந்த முறை வந்தவர் பெரியப்பா. உரும்பிராய்ச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போட்டவர். அரை அடி வேலிக்காகப் பக்கத்துக் காணிக்காரரைக் கோட்டுக்கு இழுத்து, வழக்கு முடிய முன்னர் எதிராளியும் இரண்டு அப்புக்காத்துமாரும் காலமாகிவிட, தனியாளாக வென்றவர். அவரிடம் வாயால் பெருப்பிப்பது கஷ்டம்.

முதலில் முடிசூட்டுக் கல்லைக் காட்டினேன். கில்ட்ஹால் என்கிற நகரசபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில், நீல நிறக் கம்பி வேலிக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு கல். பத்தாம் நூற்றாண்டில் சாக்ஸன் அரசர்கள் முடிசூடிய ஊர் இது. 925இல் அதெல்ஸ்தான் இங்கேதான் முடிசூடினார். இங்கிலாந்து முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் அவர். எத்தனை அரசர்கள் என்று வரலாற்றாசிரியரைக் கேட்டால் உறுதியாக இரண்டு என்று தொடங்கி இழுப்பார். ஊர்க்காரரைக் கேட்டால் ஏழு. கல்லின் பீடத்தில் ஏழு பேருடைய பெயரையும் வெட்டியாயிற்று. இனி அதைக் குறைக்க வழியில்லை.

அவர்கள் இந்தக் கல்லில்தான் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. பழைய சென்ற் மேரி சிற்றாலயத்தில் இருந்த கல் என்பார்கள். அந்த ஆலயம் 1730இல் இடிந்து விழுந்தது. சுவருக்கு மிக நெருக்கமாகப் புதைகுழி தோண்டியதுதான் காரணம். தோண்டிக்கொண்டிருந்தவர் இறந்துபோனார். கூட இருந்து அகப்பட்ட மகள் எஸ்தர் ஹாமர்டன் உயிரோடு மீண்டு, தகப்பனுடைய குழிவெட்டும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டார். ராசாக்களைவிட எனக்கு அந்தப் பெண்ணைத்தான் பிடிக்கும், ஆனால் அவருக்குக் கம்பி வேலி இல்லை. கல்லோ பிறகு நெடுநாள் குதிரை ஏறுகிறவர்கள் கால் வைத்து ஏறுகிற படியாகக் கிடந்தது. 1850இல்தான் திடீரென்று ஞானம் பிறந்து, பீடம் கட்டி மேலே ஏற்றினார்கள்.

பெரியப்பா கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இதுவோ?"

"ஓம், பெரியப்பா."

"இதைவிடப் பெரிய கல்லு எங்கடை கிணத்தடியிலை கிடக்கு. கொப்பற்றை கலியாணத்துக்கு முதல் நாள் தொட்டு உடுப்புத் தோய்க்கிறது அதிலைதான்."

"அதிலை ராசா இருந்தவரோ?"

"இருந்திருப்பார். ஆர் கண்டது? உதிலை இருந்ததையும் ஒருத்தரும் காணேல்லைத்தானே."

கல்லைப் பற்றிய ஆராய்ச்சிகளின் முடிவும் ஏறக்குறைய இதுதான்.

பெரியப்பாவுக்கு இந்த ஊர்மேல் மரியாதை பிறந்தது ரயில் கதையால். 1830களில் லண்டனிலிருந்து சவுதாம்ப்டனுக்கு ரயில்பாதை போட வந்தபோது, எங்கள் ஊர் வழியாக வேண்டாம் என்று கிங்ஸ்டன் பெரியவர்கள் மறித்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. போர்ட்ஸ்மவுத் பாதையில் போகிற குதிரை வண்டிகளுக்கு இது முக்கியமான தரிப்பிடம். சத்திரங்களில் ஆள் நிறைந்திருக்கும், லாயங்களில் குதிரை நிறைந்திருக்கும். ரயில் வந்தால் இதெல்லாம் என்னாவது? பாதை தெற்கே விலகி வெறும் வயல்வெளியால் போனது. 1838இல் அந்த வெளியில் ஒரு நிலையம் திறந்தார்கள். நிலையத்தைச் சுற்றி வீடு வந்தது, கடை வந்தது, கடைசியில் ஓர் ஊரே வந்தது. கொஞ்சக் காலம் அதை 'ரயிலடிக் கிங்ஸ்டன்' என்றுகூட அழைத்தார்கள். அதுதான் இன்றைய சர்பிட்டன்.

குதிரை வண்டித் தொழில் எப்படியும் படுத்துவிட்டது. கிங்ஸ்டனுக்கென்று ஒரு நிலையம் வந்தது 1863இல், அதுவும் சுற்றுவழிப் பாதையில். இன்றைக்கும் சர்பிட்டனில் விரைவு ரயில் ஏறினால் வாட்டர்லூவுக்குச் சுமார் இருபது நிமிடம். கிங்ஸ்டனில் ஏறினால் அரை மணி நேரம். அவசரமென்றால், ராசாக்கள் முடிசூடிய ஊர்க்காரர், வயலில் முளைத்த ஊருக்கு பஸ் பிடித்துப் போய் ரயில் ஏற வேண்டும்.

இதைச் சொன்னதும் பெரியப்பா நடப்பதை நிறுத்தினார்.

"சரியாத்தான் செய்திருக்கிறாங்கள்."

"நட்டப்பட்டுப் போச்சினமே, பெரியப்பா."

"நட்டம் வேறை, ஞாயம் வேறை. இண்டைக்குத் தண்டவாளத்துக்கு விட்டால் நாளைக்கு முழுக் காணியையும் கேப்பாங்கள்."

அந்த நிமிடத்திலிருந்து அவர் இந்த ஊரைத் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டார். சந்தைத் திடலில், பொன்முலாம் பூசிய ஆன் அரசியின் சிலைக்குக் கீழே நின்று, 1628ஆம் ஆண்டுப் பட்டயத்தைப் பற்றிச் சொன்னேன். முதலாம் சார்ல்ஸ் கொடுத்தது: கிங்ஸ்டனைச் சுற்றி ஏழு மைலுக்குள் வேறு எவரும் சந்தை வைக்கக்கூடாது.

"உறுதி கையிலை இருக்கோ?"

"இருக்கு. 1208ஆம் ஆண்டுப் பட்டயமும் பத்திரமாய் இருக்கு."

பெரியப்பா ஆன் அரசியை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். அவருடைய வழக்கில் 1911ஆம் ஆண்டு உறுதியைத்தான் பழையது என்று நீதவான் வியந்தாராம்.

திடலுக்குச் சற்றுத் தள்ளிக் கிளாட்டர்ன் பாலம். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாலம், இன்றும் மேலே வண்டி ஓடுகிறது. ஆனால் அதன்மேல் நிற்பவருக்குத் தாம் பாலத்தில் நிற்பதே தெரியாது. கீழே இறங்கி, ஹாக்ஸ்மில் என்கிற சிற்றாற்றின் ஓரத்தில் நின்று பார்த்தால்தான் பழைய கல் வளைவுகள் கண்ணில் படும். அந்தச் சிற்றாறு அங்கே தேம்ஸில் விழுகிறது. அதைத் தாண்டினால் பெரிய பாலம், 1828இல் திறந்தது, 1870 வரை கடப்பதற்குக் காசு வாங்கினார்கள். அதற்கு முன்னிருந்தது மரப்பாலம். 1729இல் பட்னியில் பாலம் கட்டும்வரை, லண்டன் பாலத்தை விட்டால் ஆற்றைக் கடக்க அடுத்த பாலம் அதுதான். அந்தப் பழைய பாலத்தின் எச்சங்கள் இப்போது ஜோன் லூயிஸ் கடைக்குக் கீழே இருக்கின்றன. துவாய் வாங்கப் போகிறவர்கள் மத்தியகால வரலாற்றை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

மரப்பாலம் என்றதும் சொல்லாமல் விட முடியாத கதை ஒன்று உண்டு. 1745 ஏப்ரலில், இந்த ஊரில் மதுக்கடை நடத்திய ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. குற்றம், வாய். ஓயாமல் ஏசுகிறாள் என்பதுதான் வழக்கு. அவளை ஒரு கதிரையில் கட்டி, பாலத்தடியில் தேம்ஸ் தண்ணீருக்குள் முக்கி எடுத்தார்கள். பார்க்க இரண்டாயிரம், மூவாயிரம் சனம் கூடியது என்று அந்தக் காலத்து லண்டன் பத்திரிகை எழுதியது.

இதுவரை எதிலும் பட்டுக்கொள்ளாமல் வந்த பெரியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அந்த மனிசி அப்பிடி என்ன சொன்னதாம்?"

"அது பேப்பரிலை வரேல்லை, பெரியம்மா."

"வராதுதானே. தண்ணியிலை தாட்டதை எழுதுவாங்கள், அது கேட்ட கேள்வியை எழுதமாட்டாங்கள்." பிறகு பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்து, "உதை வேலி வழக்கு நேரம் உங்களுக்கு ஆரும் செய்திருக்கோணும்" என்றார்.

இந்த இடத்தில் கதையை மாற்றுவது நல்லது. அதற்கென்றே அருகில் பென்டால் சென்டர் இருக்கிறது. வந்தவர்களில் பாதிப்பேர் அதன் முகப்பின் முன் நின்று, "இதுதானே ஹென்றி ராசாவின்ரை அரண்மனை?" என்று கேட்டுப் படமெடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் பிழை சொல்ல முடியாது. 1930களில் கடையை விரிவாக்கியபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை மனதில் வைத்துத்தான் செங்கல்லிலும் வெள்ளைக் கல்லிலும் அந்த முகப்பைக் கட்டினார்கள். அரண்மனையைப் பார்த்துக் கடை கட்டிய ஊர். உள்ளே பெரியம்மாவின் முழங்கால் உடனே வேலைக்குத் திரும்பிவிடும். எஸ்கலேட்டர் இருக்கும்வரை அவருக்கு எந்த மாடியும் உயரமில்லை.

வெளியே வந்து பழைய லண்டன் வீதிக்குள் திரும்பினால் பன்னிரண்டு சிவப்பு டெலிபோன் கூண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று சரிந்து விழுந்தபடி. டேவிட் மாக் என்கிற சிற்பி 1989இல் செய்தது. யாழ்ப்பாணத்தில் யாராவது கூண்டைச் சரித்தால் பொலிஸ் வரும். இங்கே சுற்றுலாப் பயணி வருகிறார். பெரியப்பா ஒரு கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, "உதுகளை நிமித்திவிட ஆளில்லையோ?" என்று கேட்டார்.

பக்கத்தில் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். 1830இல் இங்கே பிறந்த எட்வர்ட் மகரிட்ஜ் தம் சேகரிப்பை உயிலில் இந்த ஊருக்கே எழுதிவைத்தார். ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டெழும்புவதை 1878இல் படங்களில் பிடித்துக் காட்டியவர். சினிமாவுக்குப் பாட்டன் முறை. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றார். அமெரிக்க ஜூரிகள் அது நியாயமான கொலை என்று விட்டுவிட்டார்கள். எண்சாத்திரம் பார்த்தவர்போல் பெயரை மாற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 'ஈட்வேர்ட் மைபிரிட்ஜ்' ஆனார். அந்த 'ஈட்வேர்ட்' நம் கல்லின் பீடத்தில் வெட்டியிருக்கிற பழைய எழுத்துமுறை. இவ்வளவு பாடுபட்டும் அவருடைய நினைவுக்கல்லில் 'மேபிரிட்ஜ்' என்று பிழையாக வெட்டிவிட்டார்கள்.

கவுன்டி ஹாலையும் காட்டலாம். 1893இல் சரே மாவட்டத்துக்காகக் கட்டிய தலைமையகம். 1965இல் கிங்ஸ்டன் லண்டனோடு சேர்ந்துவிட்டது, ஆனால் சரே நிர்வாகம் அசையவில்லை. தன் மாவட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டுவிட்டு, அண்மையில்தான் மூட்டை கட்டியது. முகவரியில் இன்னும் 'சரே' என்று எழுதுகிற கிழவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. குடியிருப்புரிமைச் சட்டத்தில் இறங்கியிருப்பார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஹாம்ப்டன் கோர்ட். பாலத்தைக் கடந்து ஆற்றோரமாக மூன்று மைல் நடக்கலாம், அன்னங்கள் கூடவே வரும். கோடையில் படகும் உண்டு. 1889இல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய மூன்று பேரின் படகுப் பயணம் புறப்படுவதும் கிங்ஸ்டனிலிருந்துதான். முழங்காலை நினைத்து நாங்கள் 111ஆம் இலக்க பஸ்ஸில் போனோம். டிக்கெட் விலையைக் கேட்டதும் பெரியப்பா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, சற்று நேரம் கதைக்கவில்லை. ஹென்றியின் மண்டபம், வூல்சி பாதிரியாரிடமிருந்து அரண்மனை கைமாறிய கதை, வழிதவறுவதற்கென்றே வளர்த்த பசுவேலி எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. ஒட்டியது கண்ணாடி வீட்டுக்குள் இருந்த முந்திரிகைக் கொடியில்.

1768இல் நட்ட ஒற்றைக் கொடி. நீளமான கிளை 36 மீற்றர் ஓடுகிறது. வருசத்துக்குச் சுமார் 270 கிலோ கறுப்பு முந்திரிகை காய்க்கிறது. பெரியப்பா அடிமரத்தை, தளிர் கிள்ளியிருந்த விதத்தை, கம்பியில் கட்டியிருந்த முடிச்சை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கல்லுக்கு ஒரு சுற்று. கொடிக்கு ஒரு மணித்தியாலம். வேர் ஓடுகிற வெளி நிலத்தை ஒன்றும் நடாமல் சும்மா விட்டிருந்தார்கள், கொடிக்கு உரம் பங்குபோகக் கூடாதென்று. "இவ்வளவு தறை சும்மா கிடக்கு. எண்டாலும் சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சப் பாராட்டு அது.

பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மோனை, ஒரு தடி முறிச்சுத் தருவாங்களோ?"

"தரமாட்டாங்கள், பெரியப்பா. கேக்கவும் கூடாது."

"அப்ப இவங்கள் இதை எங்கையிருந்து கொண்டந்து நட்டவங்கள்?"

பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னேன்: எசெக்ஸில் வாலன்டைன்ஸ் என்கிற மாளிகைத் தோட்டத்திலிருந்து வெட்டிவந்த தடி.

"அது எவடம்?"

"இப்ப இல்ஃபோர்டுக்குள்ளை வரும்."

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "இல்ஃபோர்டோ? எங்கடை கமலாவின்ரை மேள் அங்கைதானே இருக்கிறாள். நாளைக்குக் காலமை வெள்ளனப் போவம். ஒரு கத்தியும் எடுத்து வை."