ஸ்டார் நைட் அமைப்பாளர்

டொராண்டோ, லண்டன், சிட்னி எனத் தமிழர் திரண்டு வாழும் ஊர்களிலெல்லாம் காணப்படுபவர் ஸ்டார் நைட் அமைப்பாளர். வார நாட்களில் வீட்டு விற்பனை முகவராகவோ கணக்காளராகவோ நடமாடுவார். சனிக்கிழமை மாலை கோட்டும் வயர்லெஸ் மைக்குமாக மேடையேறும்போதுதான் இன்னார் என்று தெரியும்.

தரத்தை அவர் சுவரொட்டியிலேயே முடிவு செய்துவிடுவார். நடிகைக்குப் பாதி, பாடகர்களுக்கு மீதி. வாத்தியக்காரர்கள் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம். விசா மறுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள் இருப்பவர்களுக்கே. எட்டு வயலின் வரவேண்டிய இடத்தில் ஒரு கீபோர்டு வரும். மிச்சத்தைப் பதிவுசெய்த டிராக் பார்த்துக்கொள்ளும்.

டிக்கெட்டுகள் விவிஐபி, விஐபி, பிளாட்டினம், கோல்டு என வகைப்படும். தூண் மறைக்கும் கடைசி வரிசையும் சில்வருக்குக் கீழே இறங்காது. விவிஐபிக்கு நட்சத்திரத்துடன் விருந்து உண்டு. நட்சத்திரம் கைகழுவப் போகும் வழியில் ஒரு செல்ஃபி என்று அதற்குப் பொருள்.

ஆறு மணி நிகழ்ச்சி ஏழரைக்குத் தொடங்கும். பிறகு ஸ்பான்சர்கள் வருவார்கள்: நகைக்கடைக்காரர், மளிகைக்கடைக்காரர், அடமானக் கடன் முகவர். ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கு ‘இரண்டே வார்த்தை’. பதினொரு மணி தாண்டினால் அரங்குக்குக் கூடுதல் வாடகை. ஆகவே பாடல்களில் நாலைந்து வெட்டுப்படும். பொன்னாடைகளில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் இராது.

பெரிய பெயர்கள் வந்தாலும் குறைக்குக் குறைவில்லை. 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ஏ.ஆர்.ரஹ்மான் பாடியபோது, தமிழ்ப் பாடல்கள் அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். நிகழ்ச்சியின் பெயரே ‘நேற்று இன்று நாளை’.

இருந்தும் கூட்டம் குறைவதில்லை. 2013 பிப்ரவரிக் குளிரில் இளையராஜாவைக் கேட்க, டொராண்டோவில் பேஸ்பால் ஆடும் ரோஜர்ஸ் சென்டருக்குத் தமிழர்கள் திரண்டார்கள். பட்டுப்புடவையை ஊர் பார்க்கவேண்டும். இடைவேளையில் சமோசாவோடு பழைய தெருக்காரரைக் கண்டுபிடிக்கவேண்டும். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை குத்துப்பாட்டை வரி பிசகாமல் பாடுவதைப் பார்த்துப் பூரிக்கவேண்டும். மேடையில் நடப்பது இதற்கெல்லாம் ஒரு சாக்கு. இதை நன்றாக அறிந்தவர் அமைப்பாளர் ஒருவரே.

விமானக் கட்டணம், ஓட்டல், முன்பணம், அரங்க வாடகை எல்லாம் டிக்கெட் விற்குமுன்பே அவர் கையைவிட்டுப் போயிருக்கும். லாபம் என்று ஒப்புக்கொண்ட அமைப்பாளரைப் பார்ப்பது அரிது. நஷ்டம் என்று சொல்லித் தொழிலை விட்டவரைப் பார்ப்பது அதைவிட அரிது.