பேண்டின் அடிச்சுற்றளவும் அதனால் குடும்பத்தில் விளையும் கலகமும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், பேண்டின் ‘பாட்டம்’ ஏன் ஓர் அளவில் நிற்பதில்லை என்பதும், ஓர் அளவில் நின்றுவிட்டவனை ஊர் ஏன் நிம்மதியாக விடுவதில்லை என்பதும் உணர்த்துதல் நுதலிற்று. நீளத்தை இங்கே ஆராயவில்லை. பேண்ட் என்றால் கணுக்காலை மூடும் என்று முன்னோர் நம்பினர். அந்த நம்பிக்கையையும் இளைஞர்கள் கெடுத்துவிட்டபடியால் அது தனி நூலுக்குரியது.

1920களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், ஒரு காலுக்குள் இரண்டு பேர் குடியிருக்கலாம் என்னும்படியான ‘ஆக்ஸ்போர்டு பேக்ஸ்’ அணிந்து திரிந்தார்கள். 1942இல் பிரிட்டன் அரசு, போர்க்காலத் துணிச் சிக்கனம் என்று சொல்லி, ஆண்கள் பேண்டின் அடியில் மடிப்பு வைப்பதையே தடைசெய்தது. மக்கள் என்ன செய்தார்கள்? நீளமான பேண்டாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் குண்டு விழுகிற காலத்திலும் காலடியில் மடிப்பு வேண்டும் என்கிற உயிரினத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கம் அறுபதுகளில் கதாநாயகர்கள் காலோடு ஒட்டிய குழாய்களில் மலையேறி டூயட் பாடினார்கள். எழுபதுகளில், மாலுமிகளின் உடையாக இருந்த பெல்பாட்டம் கடலே இல்லாத ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ பார்த்தவர்களுக்கு மேல்விளக்கம் வேண்டியதில்லை. அடி விளிம்பு தெருவைப் பெருக்கி நைந்துபோனதால் அங்கே ஜிப் வைத்துத் தைத்தார்கள். திறக்கவும் மூடவும் ஏதுமற்ற இடத்தில் ஜிப்! தமிழ்த் தையற்கலையின் சிகரம் அதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பிறகு பேகி வந்தது, போனது. பென்சில் பிட் வந்தது. 1958இல் டுபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் பிறந்த ஸ்பான்டெக்ஸ் இழை மட்டும் துணியில் கலக்காதிருந்தால், பென்சில் பிட் அணிந்து பந்தியில் சம்மணமிட்டவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம். இப்போது மறுபடியும் தொளதொள. அதற்குப் பெயர் பேகி அல்லவாம், ‘ரிலாக்ஸ்டு’.

இதுவரை யாரும் கவனிக்காத விதி ஒன்று இங்கே உண்டு. அகலம் குறையும் காலத்தில் செலவு சொற்பம்: பழைய பேண்டை ஆல்ட்டர் கடையில் கொடுத்தால், ‘நாளைக்கு வாங்கண்ணே’ என்று வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் பிடித்துத் தந்துவிடுவார். அகலம் கூடும் காலத்தில் அவரும் கைவிரித்துவிடுவார். “பிடிக்கலாம்ணே, விடுறதுக்கு உள்ள துணி இல்லையே.” ஆக, குறுகலிலிருந்து அகலத்துக்குப் போக ஒரே வழி புதிதாக வாங்குவது. நாம் எல்லா பேண்டையும் பிடித்து முடித்ததும் பேஷன் அகலத்துக்குத் திரும்புவது தற்செயல் என்பர் ஒரு சாரார். அவர்கள் வேட்டி கட்டுபவர்கள்.

பின்பற்றாமல் இருந்தால் என்ன எனின், இருக்கலாம், கடை விடாது. பழைய அளவைக் கேட்டால், “அதெல்லாம் இப்ப வர்றதில்லண்ணே, இதுதான் ஓடுது” என்பார்கள். கடையில் தப்பினாலும் கல்யாண வீட்டில் அண்ணன் மகன் இருக்கிறான். “சித்தப்பா, இது அங்கிள் பேண்ட்” என்று அவன் தீர்ப்புச் சொன்ன பிறகு மேல்முறையீடு கிடையாது. இத்தனைக்கும் அவன் அணிந்திருப்பது, அவன் தாத்தா 1978இல் அணிந்து, “ஏண்டா, தெருக்கூட்டவா போறே?” என்று கொள்ளுத்தாத்தாவிடம் வசை வாங்கிய அதே அகலம். தாத்தாவின் போட்டோவைக் காட்டினோம். “செம ஸ்டைலு” என்றான். சித்தப்பாவின் நிலையில் மாற்றமில்லை.

எந்த ஆய்விலும் மாறாத பொருள் ஒன்றை ஒப்பிட வைத்துக்கொள்ள வேண்டும். நாம் வேட்டியை வைத்திருந்தோம். நான்கு முழம் அல்லது எட்டு முழம். பாட்டமும் இல்லை, பிட்டும் இல்லை. இப்படி எண்ணியிருந்த வேளையில் கடைக்காரர், இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டியும் செல்போன் வைக்கப் பையும் உள்ள வேட்டியை எடுத்துப் போட்டார். கரையின் நிறத்தில் சட்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.

ஆய்வு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.