பேர் மட்டும் ஒரிஜினல்

1929 ஜூன் மாதம் நோணாங்குப்பம் ஒரு கார் பந்தயத்தில் தோற்றது. ஊருக்குத் தகவல் வரவில்லை. சுண்ணாம்பாற்றில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலாப் படகு விடலாம் என்ற யோசனைகூட வராத காலம் அது. கார் பந்தயத்துக்கு யார் துக்கம் கொண்டாடப் போகிறார்கள்? ஆனாலும் கணக்கு கணக்குதான். புதுச்சேரியை ஒட்டிய நாம் அன்று பிரெஞ்சு இந்தியா. பந்தயம் நடந்தது நம்மை ஆண்ட தேசத்தின் லெமான் நகரில். 24 மணி நேரம் ஓட்டி, முதல் நான்கு இடங்களையும் வாரிக்கொண்டு போனது இங்கிலீஷ்காரனின் பெண்ட்லி. 1761-ல் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினானே, அதற்கடுத்த பெரிய அவமானம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

பெண்ட்லியை ‘உலகத்திலேயே வேகமான லாரி’ என்று புகாட்டி கம்பெனி முதலாளி எத்தோரே புகாட்டி கிண்டலடித்ததாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, தோற்றவர் வாயில் பொருந்தக்கூடிய வசனம்தான். அந்த லாரிகளில் முதலில் வந்தது ‘ஸ்பீட் சிக்ஸ்’ ரகம். செல்லப் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. ஓட்டியவர்கள் டிம் பர்க்கினும் உல்ஃப் பர்னாட்டோவும்.

பர்னாட்டோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்பா தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரத்தில் பணம் சேர்த்தவர். மகன் அதை பெண்ட்லி கம்பெனியில் கரைத்தவர். கம்பெனிக்குச் சேர்மனும் அவரே, டிரைவரும் அவரே. 1928, 1929, 1930 என்று மூன்று முறை லெமானில் இறங்கினார், மூன்று முறையும் ஜெயித்தார். முதலாளி இப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தால் கம்பெனி என்னவாகும்? 1931-ல் கையைத் தூக்கிவிட்டது. முகம் தெரியாத ஒரு டிரஸ்ட் வந்து அதை விலைக்கு வாங்கியது. திரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது ரோல்ஸ்ராய்ஸ். பினாமி என்பது நாம் மட்டும் வளர்த்த கலை இல்லை.

1930 மார்ச்சில் பர்னாட்டோ இன்னொரு வம்பும் செய்தார். பிரெஞ்சு ரயில்களிலேயே பெரிய பவிசு படைத்த ‘ப்ளூ ட்ரெயின்’ கலே துறைமுகத்தைத் தொடுவதற்குள் நான் கானில் புறப்பட்டு லண்டனுக்கே போய்விடுவேன் என்று பந்தயம் கட்டி, போயும் சேர்ந்தார். அந்தக் கார் இதுதான் என்று ஓர் அழகான கூபேயைப் பல ஆண்டுகள் எல்லோரும் கொண்டாடினார்கள். ஓவியமே வரைந்தார்கள். பிறகுதான் யாரோ தேதியைப் பார்த்தார்கள். அந்தக் கூபே அவர் கைக்கு வந்ததே மே மாதத்தில். ரயிலை முந்தியது பெட்டி மாதிரி இருந்த வேறொரு சாதாரண பெண்ட்லி. கூபேயின் மவுசு இதனால் குறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை.

ஓல்ட் நம்பர் ஒன் கதை இதைவிடச் சிக்கல். 1929-ல் ஜெயித்த வண்டியை 1930 பந்தயத்துக்காகப் பிரித்துப் பூட்டினார்கள். மறுபடி ஜெயித்தது. 1931-ல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் 500 மைல் பந்தயத்திலும் ஜெயித்தது. இத்தோடு விட்டார்களா? 1932-ல் ஆறரை லிட்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு எட்டு லிட்டர் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். அந்த செப்டம்பரில் புரூக்லாண்ட்ஸின் சாய்ந்த வளைவில் வண்டி மேலே ஏறி விளிம்பைத் தாண்டியது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். மிச்சத்தை வைத்து பர்னாட்டோ கூரை போட்ட ரோடு கார் ஒன்றைச் செய்துகொண்டார். பின்னாளில் அதையும் கழற்றி, பழைய லெமான் வண்டி மாதிரியே திறந்த பாடி கட்டினார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர் முன்னால் இந்த வரலாற்றைச் சொன்னால், “சரிண்ணே, ஆர்.சி. புக் இருக்கா?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்.

1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். எட்வர்ட் ஹப்பர்ட் என்பவர் கையில் வண்டி. மிடில்பிரிட்ஜ் என்ற கம்பெனி அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பாதிப் பணத்துக்கு மேல் ரொக்கம், மீதிக்குக் கார்கள். பண்டமாற்றில்கூட பெண்ட்லிக்காரர்கள் காரையே கேட்கிறார்கள். அது பழைய கார்களின் விலை பித்துப் பிடித்து ஏறிய காலம். ஏறியது இறங்கவும் தொடங்கியிருந்தது. வாங்குகிறவருக்குத் திடீரென்று ஞானோதயம். ‘இது அந்தக் காரே இல்லை, பணம் தர மாட்டேன்’ என்றார்கள். விலை ஏறும்போது யாருக்கும் வராத சந்தேகம் இது.

நீதிபதி ஆட்டன் இரும்பை எண்ண உட்கார்ந்தார். 1929-ல் ஓடிய வண்டியில் என்ன மிச்சம்? எந்த ஆண்டுடையது என்றே சொல்ல முடியாத சில சில்லறைச் சாமான்கள் இருக்கலாம், அவ்வளவுதான். 1930 வண்டியில்? பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு, அந்த மாதிரி. உருப்படியாக இருந்தது 1932-ன் சட்டமும் எட்டு லிட்டர் இன்ஜினும். இவ்வளவையும் எண்ணி முடித்த பிறகு தீர்ப்பு யாருக்கு? ஹப்பர்டுக்கு! இந்த வண்டி ஒருநாளும் செத்துப் பிறக்கவில்லை, மாறி மாறி வாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது, இந்தப் பேருக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறு வண்டியும் இல்லை. ஆகவே இதுவே ஓல்ட் நம்பர் ஒன், பணத்தை எடு என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பைப் படித்து சிரிப்பவர்கள் எங்கள் பக்கம் ஒருமுறை வந்து போகலாம். நோணாங்குப்பத்துக்குப் பக்கத்தில்தான் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். உள்ளே வட்ட வட்டமாகப் பல்வரி போட்ட தட்டுகள் கிடைத்தன. ரோம் பக்கத்துச் சரக்கு என்று நினைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் மண்ணையே பரிசோதித்து, தட்டு இந்தியத் தட்டுதான் என்றார்கள். வீலர் தோண்டியபோது பல சுவர்கள் இருந்த இடத்தில் சுவர் இல்லை, செங்கல்லை எடுத்துப்போன பள்ளம்தான் இருந்தது. அந்தச் செங்கல் எந்தெந்த வீட்டில் இருக்கிறதோ! யாரும் அதைக் காட்டி ‘ரோமானியர் காலத்து வீடு’ என்று வாடகை ஏற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் வடக்கே சில கிலோமீட்டர் போனால், 1761-ல் இடிந்து அதற்கப்புறம் கட்டிய தெருக்களை ‘பழமை மாறாத பிரெஞ்சு நகரம்’ என்று காட்டி காபிக்கு மூன்று மடங்கு வாங்குகிறார்கள். சேஸி மாறிவிட்டது, பேர் ஒரிஜினல். ஆட்டன் தீர்ப்பு புதுச்சேரிக்கு அச்சாகப் பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான வித்தையும் எங்கள் ஊர் பேரில் நடந்தது. வரியை மிச்சம் பிடிக்க, வெளிமாநிலத்துப் பணக்காரர்கள் தங்கள் ஆடம்பரக் கார்களுக்கு புதுச்சேரி முகவரி கொடுத்து பி.ஒய். நம்பர் வாங்கினார்கள். 2017-ல் கேரளப் போலீஸ் தேடி வந்தபோது சில முகவரிகளில் ஆளே இல்லை. அங்கே கார் சுத்தமான ஒரிஜினல், முகவரிதான் டூப்ளிகேட்.

ஏலக் கூடத்திலும் இரும்புக்கு மரியாதை கிடையாது. 2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், 1939-ல் செய்த டைப் 64 என்ற வண்டியைப் போர்ஷே என்று ஏலம் விட்டார்கள். போர்ஷே என்ற பேரில் கார் விற்பதற்கு முன்னாலேயே பிறந்ததைப் போர்ஷே என்று சொல்லலாமா என்று ஏற்கெனவே சண்டை. ஏலம்விட்டவர் சொன்ன 13 மில்லியன் டாலர் திரையில் 30 ஆகத் தெரிந்தது. அது 70 வரை ஏறி, கூட்டம் கைதட்டி முடித்த பிறகு, அவர் சொன்னது 17 என்று திருத்தினார்கள். வண்டி விலைபோகாமல் வீட்டுக்குத் திரும்பியது. 2023-ல் அதே ஏல நிறுவனம், 1954-ன் ஃபெராரி 500 மோண்டியல் ஒன்றை விற்றது. விபத்தில் எரிந்து, நசுங்கி, பழைய இரும்புக்காரர் எடைக்குப் போடத் தயங்கும் நிலை. 18,75,000 டாலர்! வாங்கியவர் வாங்கியது தகரத்தை இல்லை, அதில் பொறித்த சேஸி நம்பரை.

எனக்கு ஆட்டன் தீர்ப்பில் ஒரே ஒரு குறை. அவர் எண்ணியது எந்தப் பாகம் எந்த ஆண்டு என்று. எந்த மாற்றம் எதற்காக என்று எண்ணியிருக்க வேண்டும். ஜெயிப்பதற்காக எட்டு லிட்டர் இன்ஜின் போட்டது அந்தக் காரின் வாழ்க்கை. பந்தயக் காரை மாற்றவே இல்லை என்றால், அது பந்தயத்துக்கே போகவில்லை என்று அர்த்தம். ஆனால் பின்னாளில் 1929 மாதிரி பாடி கட்டியது வாழ்க்கை இல்லை, வேஷம். திருத்திய கார் மோசடி இல்லை. திருத்தவே இல்லாத மாதிரி திருப்பித் திருத்துவதுதான் மோசடி. பர்னாட்டோவின் அந்தக் கூரை போட்ட ரோடு கார்தான் கடைசியாக உண்மை பேசிய ஓல்ட் நம்பர் ஒன்.

நம் சட்டமோ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி சொன்ன அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்றது. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி, 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ‘விண்டேஜ்’ பட்டமும், வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பரும் தருகிறது. கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது, லண்டனில் ஒரு கோடி பவுண்டுக்கு அசல் என்று தீர்ப்பு வாங்கிய வண்டி, புதுச்சேரி ஆர்.டி.ஓ. வாசலில் விண்டேஜே இல்லை.

பெண்ட்லிக்காரர் பிழைத்துக்கொள்வார். என் கவலை சோழவரம் பற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளத்தில், இறக்குமதிக் காருக்கு வழியில்லாத காலத்தில், அம்பாசடரையும் ஃபியட்டையும் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் அறுத்து, ஒட்டி, எடை குறைத்து ஓட்டினார்கள் நம் ஆட்கள். அவற்றில் ஒன்று இன்றைக்கு எந்தக் கொட்டகையிலாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அதை அறுத்த காரணத்துக்காகவே அதற்கு வி.ஏ. நம்பர் கிடையாது. போக்குவரத்து அமைச்சகத்துக்கு விண்ணப்பம் ஒன்றே: பந்தயத்தில் ஓடிய காலத்தில் பந்தயத்துக்காகச் செய்த மாற்றத்துக்கு, ஆதாரம் காட்டினால் விலக்கு என்று அந்த விதியில் ஒரு வரி சேருங்கள். கொட்டகை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஹெரால்டை தயவுசெய்து பழையபடி ஆக்கிவிடாதீர்கள்.