உறுதிபூசுதலில் தோள்மேல் வைக்கும் கை: சூளகிரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வு எதுவும் இல்லை. எனவே ஆய்வு இடைவெளி இருக்கிறது. இடைவெளி இருந்தால் கட்டுரை எழுதலாம், கட்டணம் கட்டினால் இதழில் போடலாம் என்பது நம் உயர்கல்வி மரபு.

கத்தோலிக்கரின் உறுதிபூசுதல் சடங்கைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஆயரின் கட்டைவிரலையே எழுதினார்கள். ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து புனித வாரத்தில் ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மாவை, அந்த விரலால்தான் பிள்ளையின் நெற்றியில் சிலுவையாக இடுகிறார். அதே நேரம் ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ பிள்ளையின் தோளில் வலக்கையை வைத்திருக்க வேண்டும் என்று 1971இல் வந்த சடங்குமுறை சொல்கிறது. ஒரே வரிதான். எவ்வளவு அழுத்துவது, எப்போது எடுப்பது என்று ஒரு விளக்கமும் இல்லை.

ஆய்வுக்களம்: தர்மபுரி மறைமாவட்டம், 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அந்த ஆண்டு நமக்குத் தேவையில்லை, ஆனால் களம் என்று தலைப்புப் போட்டுவிட்டு ஓர் ஆண்டுகூடச் சொல்லாவிட்டால் நெறியாளர் கோபித்துக்கொள்வார். சூளகிரிப் பக்கமிருந்து வந்த குடும்பங்களே தரவு. திருப்பலி தமிழில், பிள்ளைகளை அதட்டியது தெலுங்கில், பைக் நிறுத்தும் தகராறு கன்னடத்தில்.

கைகள் நான்கு வகைப்படும்.

எட்டாத கை. பையன் வளர்ந்துவிட்டான்.

செல்போன் கை. வலக்கையில் போன், தோளில் இடக்கை. சடங்குப்படி தவறு, ஸ்டேட்டஸ்படி சரி.

அத்தைக் கை. தோளில் தொடங்கும், அங்கே நிற்காது. வெள்ளை நெட்டை இழுத்துவிட்டு, ஹேர்பின்னை இன்னொரு முறை குத்தி, "நேரா நில்லுடி" என்று முதுகில் முடியும்.

நான்காவது, இவ்வட்டாரத்துக்கே உரிய நைட் ஷிப்ட் கை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டி, குளித்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணில் மட்டும் மிஷின் ஓடிக்கொண்டிருக்க வந்து நிற்கும் மாமாவின் கை அது. முதலில் தோள்மேல் கை இருக்கும். மறையுரை நீள நீள முழங்கை வரும். ஆயர் நெருங்கும்போது மாமாவின் மொத்த எடையும் எட்டாம் வகுப்புப் பையன் மேல் இருக்கும். ஞானப்பெற்றோர் பிள்ளையைத் தாங்குவதன் அடையாளமே அந்தக் கை என்கிறார்கள் இறையியலாளர்கள். எந்த ஷிப்டில் என்று அவர்கள் சொல்லவில்லை.

"மாமா, ஆயர் வந்துட்டாரு."

"ம்ம்... பஞ்ச் பண்ணிட்டேன்டா."

இக்கை செல்லுமா? செல்லும் என்கிறார் பெரியம்மா (வாய்மொழி, அடுப்படி). செல்லாது என்கிறார் எலத்தகிரி அத்தை (வாய்மொழி, திருத்திய பதிப்பு, பிரியாணிப் பந்தி, இரண்டாம் இலை). இருவரையும் மறுக்கிறது பின்பெஞ்சுச் சுவடி. அது பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதப்பட்டது. ஒரு பாதியைக் கரையான் தின்றது, மறுபாதியை உரையாசிரியர்கள் தின்றார்கள். எஞ்சியுள்ள "தூ" என்ற எழுத்து "தூக்கம்" என்பதன் முதலெழுத்தா, "தூய ஆவி" என்பதன் முதலெழுத்தா என்று இரு பேராசிரியர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டதாகத் தேநீர் இடைவேளைத் தரவு. இருவரும் சுவடியைப் பார்த்ததில்லை.

திருச்சபைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஞானப்பெற்றோர் "கூடுமானவரை" உடனிருக்கட்டும் என்கிறது எண் 892. அவருக்குப் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், அவர் ஏற்கெனவே உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், பிள்ளையைப் பெற்ற தாயாகவோ தந்தையாகவோ இருக்கக் கூடாது என்பவை எண் 874இல் உள்ளன. விழித்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

பழைய முறையில் எண்ணெய் பூசியபின் ஆயர் பிள்ளையின் கன்னத்தில் லேசாகத் தட்டுவார். 1971இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் சூளகிரி ஷிப்ட் அட்டவணையைப் பார்த்திருந்தால், எடுக்காமல் ஞானத்தகப்பன் கன்னத்துக்கு மாற்றியிருப்பார்கள். (இக்கருத்தை வேறு தலைப்பில் இன்னொரு கருத்தரங்கிலும் வாசித்தேன். அங்கேயும் சான்றிதழும் பையும் கொடுத்தார்கள்.)

கையை எப்போது எடுப்பது என்பதற்குக் கிடைத்த ஒரே தரவு இது: எண்ணெய் பூசியாயிற்று, பையன் ஆமென் சொல்லியாயிற்று. ஆனாலும் அவன் நகரவில்லை. நகர்ந்தால் மாமா விழுவார். வரிசை நின்றுவிட்டது. ஆய்வாளர் களத்தில் தலையிடக் கூடாது என்பது நெறி, ஆகவே நான் எழுப்பவில்லை. பின்னாலிருந்து நீண்ட அத்தைக் கைக்கு ஆய்வு நெறிமுறை தெரியாது.