தங்க எழுத்து பொறித்த ஆய்வேடுகளுக்கு ஒரு பாராட்டு

நாமக்கல் மலையைக் குடைந்து அதியர் குலத்து அரசன் ஒருவன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் இன்றும் நிற்கிறது. அந்தக் குலப்பெயர் தாங்கிய தகடூர் அதியமானுக்காகத்தான் ஔவை தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். உன் ஆயுதங்கள் அலங்காரமாக, மெருகு குலையாமல், பத்திரமாக இருக்கின்றன என்று ஔவை புகழ்ந்தார். அதியமானுடையவை உடைந்தும் சிதைந்தும் கொல்லனிடம் பழுது பார்க்கப் போயிருக்கின்றன என்றும் சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. ஔவையின் புகழ்ச்சியில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் இல்லாததால்தான் அது தைத்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ளாட்சி மேலாண்மையையும் பொது நிர்வாகத்தையும் கற்பித்து, ஆராய்ந்து, பலருக்கு நெறியாளராக இருந்து ஓய்வை நெருங்கும் பேராசிரியர் பெருமக்களே, உங்களை அந்த வழியில் பாராட்ட வேண்டும். இதில் சொல்லப்போவது எல்லாம் உண்மை.

முதலில் உங்கள் நினைவாற்றல். உள்ளாட்சி ஆய்வேட்டைத் திறந்தால் முதல் அத்தியாயம் உத்திரமேரூரில் தொடங்கும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, வாரியங்கள். அடுத்து 1882ஆம் ஆண்டின் ரிப்பன் தீர்மானம், 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு, 1978இல் அசோக் மேத்தா குழு, 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஆயிரம் ஆண்டு வரலாற்றில் ஓர் ஆண்டும் பிசகாது. சேலம் நகராட்சி 1866இல் அமைந்தது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். 1994இல் அது மாநகராட்சி ஆனது. யாரிடம் எவ்வளவு வரி வாங்கினார்கள், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போட்டார்கள், எந்தத் தெருவைக் கடைசிக்குத் தள்ளினார்கள் என்று கேட்டால், அந்த ஒன்றரை நூற்றாண்டு உங்கள் நினைவாற்றலுக்கு நிறைய வேலை வைத்திருக்கிறது. உத்திரமேரூர் அளவுக்குச் சேலமும் உங்களுக்கு மனப்பாடமாகும் நாள் வரட்டும்.

அடுத்து உங்கள் ஒழுங்கு. வினாநிரல், இருநூறு பேர் கொண்ட மாதிரி, ஐந்து புள்ளி அளவுகோல், விழுக்காட்டுப் பகுப்பாய்வு, கை வர்க்கச் சோதனை. எதிலும் வரிசை தப்பாது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அப்படிப் பதவிக்கு வந்த ஒரு தலைவியின் வீட்டுக்கு உங்கள் மாணவர் போகிறார். தலைவி காபி போட உள்ளே போகிறார், கேள்விக்குக் கணவர் பதில் சொல்கிறார். அட்டவணையில் அது பெண் தலைவரின் கருத்தாகவே சரியான கட்டத்தில் ஏறுகிறது. கூட்டுத்தொகை இருநூறு சரியாக வருகிறது. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போட மறுத்தால் ஊரில் எந்தெந்த வேலை நிற்கும் என்பதற்கு ஐந்து புள்ளி அளவுகோலில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதாமல் விடுகிற உங்கள் ஒழுங்கு, அந்த ஊராட்சியில் நெடுங்காலமாகப் பேசப்படாமல் கிடக்கும் ஒன்றையும் பத்திரமாக விட்டு வைத்திருக்கிறது.

உங்கள் கொள்கை உறுதியையும் சொல்ல வேண்டும். பரிந்துரை அத்தியாயத்தில் மூன்று வாக்கியம் உண்டு. பிரதிநிதிகளுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும், மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும், நிதியைக் கூட்ட வேண்டும். ஆட்சி மாறியிருக்கிறது, நிதிக் குழுக்கள் மாறியிருக்கின்றன, சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் நாமக்கல் தனி மாவட்டமே ஆகிவிட்டது. இந்த மூன்று வாக்கியமும் மாறவில்லை.

நடுநிலையில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு சொல்வதை நீங்கள்தான் வகுப்பில் கற்பிக்கிறீர்கள். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை. மூன்றாண்டுக்கு மேல் ஊராட்சிகளில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. அந்த 2019 தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் வராமலே மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். இரண்டு முறையும் உங்கள் பாடம் ஒருநாளும் தடைப்படவில்லை. ஊராட்சி மன்றத்தின் அதிகாரங்களை விவரி என்ற கேள்விக்கு மாணவர்கள் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதினார்கள். மன்றமே இல்லாதபோதும் அதன் அதிகாரங்களை முழுமதிப்பெண் வாங்கும்படி கற்பிப்பது எளிய காரியமல்ல.

உங்கள் பரந்த பார்வையும் போற்றத்தக்கது. கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி, தொலைதூர ஆய்விதழில் வெளியிட்டு, அதற்கான புள்ளிகளைப் பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்கிறீர்கள். மல்லசமுத்திரம் ஒன்றியத்து ஊராட்சிச் செயலர் தன் ஊரைப் பற்றிய அந்தக் கட்டுரையைப் படிக்க வாய்ப்பில்லை. படித்திருந்தால் எந்த வரி தவறு என்று ஒரு மணி நேரத்தில் சொல்லியிருப்பார். ஒத்த துறை அறிஞர்கள் மட்டுமே திருத்த வேண்டும் என்ற உயர்ந்த மரபை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள்.

பெரிய பொருளையே எடுத்துக்கொள்ளும் உங்கள் துணிவையும் பாராட்டுகிறேன். அதிகாரப் பரவலாக்கம், நல்லாட்சி, நீடித்த வளர்ச்சி எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். சிறிய பொருள்கள் மிச்சம் இருக்கின்றன. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் வாங்கிக்கொண்டு நாமக்கல் மாவட்டம் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. அதன் கரையில் மாநகராட்சி இருக்கிறது, பேரூராட்சி இருக்கிறது, ஊராட்சி இருக்கிறது. மேலே கழிக்கிறவர் வேறு சட்டத்தின் கீழ், கீழே கிணறு கெட்டவர் வேறு சட்டத்தின் கீழ். உள்ளாட்சிகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு என்று நீங்கள் நடத்தும் பாடம் முழுவதும் அந்த ஆற்றில்தான் ஓடுகிறது.

இன்னொன்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்ப் பூமியைத் துளைக்கின்றன. ஊராட்சியின் அனுமதி இல்லாமல் ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2015இல் விதி வந்தது. ரிக் வண்டிகளின் தலைநகரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் அந்த அனுமதிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? கோழிப்பண்ணை ஈ குறித்தும் மரவள்ளி ஆலைக் கழிவுநீர் குறித்தும் கிராம சபை போட்ட தீர்மானங்கள் எந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன? உங்களிடம் இருக்கும் பட்டறிவுக்கு இவை ஒரு பருவத்து வேலை.

உங்கள் துறையில் வேறு வகையானவர்களும் உண்டு. அவர்களுக்கு உங்கள் ஒழுங்கு வரவில்லை. எலினார் ஆஸ்ட்ரம் 1965இல் முடித்த தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரே ஒரு நிலத்தடி நீர்ப்படுகையை எடுத்துக்கொண்டார். கடல்நீர் ஏறிக்கொண்டிருந்த அந்தப் படுகையைக் காப்பாற்ற, தண்ணீர் எடுப்பவர்கள் எப்படிக் கூடிப் பேசி ஒப்பந்தத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது ஆய்வாளர்கள் வார்டு கூட்டங்களுக்கே போனார்கள். காந்திகிராமத்தில் க. பழனித்துரை ஊராட்சிப் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் படிக்கக்கூடிய தமிழில் எழுதினார். இவர்களுடைய அறிவு ஊர்ப் பேச்சில் அடிபட்டு, திருத்தப்பட்டு, மறுபடி எழுதப்பட்டது.

உங்கள் ஆய்வேடுகளோ கறுப்பு அட்டையில் தங்க எழுத்து பொறித்து நூலக அலமாரியில் மெருகு குலையாமல் இருக்கின்றன. கண்ணாடிக் கதவுக்குப் பூட்டும் உண்டு. ஊராட்சி அலுவலகத்தின் தீர்மான நோட்டு அப்படி இல்லை. அட்டை கிழிந்து, மூலை மடங்கி, ஸ்டாம்ப் மை படிந்து கிடக்கிறது. மின்கட்டணத்துக்கென ஊராட்சி வைத்திருக்கும் இரண்டாம் கணக்கில் பணம் இல்லாத மாதத்தில் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கிறவர் அந்த நோட்டை வைத்திருக்கும் செயலர். மேட்டூர்த் தண்ணீர் வராத நாளில் எந்தத் தெருவுக்கு முதலில் வால்வைத் திறப்பது என்று தீர்மானிக்கிறவர் டேங்க் ஆபரேட்டர். உள்ளாட்சி மேலாண்மை என்பது இவர்கள் செய்கிற வேலைதான். அதற்கு இவர்களிடம் பட்டமும் இல்லை, அந்தத் துறையின் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் உண்மையான செல்வத்தைப் புகழ வேண்டும். நிரந்தரச் சம்பளம் இருக்கிறது. கேள்வி கேட்டால் யாரும் எளிதில் வேலையை விட்டு அனுப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பரமத்தி, சேந்தமங்கலம், எடப்பாடி, வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள். ஒருத்தியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர், ஒருவனின் சித்தப்பா வார்டு உறுப்பினராக இருந்தவர். அவர்களிடம் வினாநிரலை நீட்டாமல், உங்கள் ஊரில் கடந்த ஆண்டு வீட்டு வரி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்டு, எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை கிராம சபை நாட்களில் அடங்கும். நான்கும் கல்லூரிக்கு விடுமுறை. நீங்களும் விடுப்பு எழுதாமலே மாணவரோடு போய் உட்காரலாம். கேட்டதைத் தமிழில் எழுதி அதே சபையில் அடுத்த முறை வாசித்துக் காட்டலாம்.

இதுவரை சொன்ன புகழ் முழுவதும் உங்களுக்கு உரியது, நியாயமாகச் சம்பாதித்தது. பணி நிறைவு விழாவில் சால்வை போர்த்தும் சக ஆசிரியர்களும் இதையே சொல்வார்கள். ஊராட்சி மக்களின் புகழ் மட்டும் உங்களுக்கு இன்னும் பாக்கி. அதை வாங்க வேண்டுமானால், முப்பது ஆண்டாகத் தங்கள் ஊரைப் பற்றி ஒருவர் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார் என்பது முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.