எளநி வெட்டப் போற மருமவனுக்கு

வாடே மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. நேத்து ராத்திரி வேப்பமரத்தடியில நீயும் உன் சேக்காளிகளும் குசுகுசுன்னு பேசினது என் காதுலயும் விழுந்துச்சு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோப்பு, அமாவாசை ராத்திரி, காவலுக்கு ஒத்தக் கிழவன். என் தங்கச்சி வயித்துல இப்படி ஒரு புத்திசாலி பொறந்ததுல எனக்குப் பெருமைதான். பாளையங்கோட்டை கோர்ட்டுல முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவா கட்டு சுமந்தவன் நான். தொழிலுக்குப் போறவனுக்குத் தொழில் சுத்தமாத் தெரியாண்டாமா? அதான் கூப்பிட்டேன்.

எளநி மரத்துல தொங்குத வரைக்கும் அதை யாராலயும் திருட முடியாது. சிரிக்காத, சட்டமே அப்படித்தான் சொல்லுது. மண்ணோட ஒட்டி நிக்கிற பொருளுக்குத் திருட்டுங்கிற பேரு பொருந்தாது. ஆனா நீ அருவாளைப் போட்டு காம்பு அறுந்துச்சு பாத்தியா, அந்த நொடியில திருட்டு முடிஞ்சு போச்சு. நீ இன்னும் கீழ எறங்கல, ஒரு மடக்கு குடிக்கல, அதெல்லாம் கணக்கே இல்ல. வெட்டினப்புறம் மனசு கேக்காம அங்கயே போட்டுட்டு வந்தாலும் திருடன் திருடன்தான்.

1860-ஆம் வருஷத்துச் சட்டப் புஸ்தகத்துல ஒரு நாய்க்கதை உண்டு. ஒருத்தன் அடுத்தவன் நாயைக் கிளப்பிட்டுப் போகணும்னு சட்டைப்பையில தீனி வச்சுக்கிட்டு நடக்கான். கயிறு கட்டல, நாயைத் தொடக்கூட இல்ல. நாய் வாசம் பிடிச்சுப் பின்னால ஒரு அடி எடுத்து வச்சுது பாரு, திருட்டு அங்கயே ஆச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து அந்தச் சட்டம் போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்துட்டு. கொலைக்கு 302-ன்னு இருந்தது 103 ஆச்சு; ஊர்ல எமகாதகனையெல்லாம் 420-ன்னு திட்டுவோம்லா, அதுவும் இப்ப 318. நம்பர் மாறிட்டு, நாய் மட்டும் மாறல.

சரி, ஏறின மரத்துல குலையே இல்லன்னா தப்பிச்சிரலாம்னு பாக்கியா? அதுக்கும் வழி அடைச்சு வச்சிருக்கான். காலிப் பையில கையை விட்ட பிக்பாக்கெட்டும் குத்தவாளிதான், பேரு முயற்சி. சட்டம் உன் கையை விட உன் மனசைத்தான் மோந்து பாக்கும். 'எங்க தோப்புன்னு நெனச்சு வெட்டிட்டேன்'னு சொல்லலாம். நெசமாவே அப்படி நெனச்சிருந்தா அது திருட்டே கிடையாது. ஆனா சொந்தத் தோப்புக்கு எவனும் அமாவாசை ராத்திரியில மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டுப் போகமாட்டாம்லா.

எத்தனை பேரு போறிய? அஞ்சா? இங்கதான் உனக்குக் கணக்கு வரல. கிழவன் முழிச்சு 'எவம்ல அது'ன்னு கத்துதான்னு வையி. உன் சேக்காளி ஒருத்தன் அருவாளைத் தூக்கி 'சத்தம் போட்ட, கழுத்து இருக்காது'ங்கான். அம்புட்டுத்தான், மூணு வருஷத் திருட்டு, பத்து வருஷக் கொள்ளையா வளந்துருச்சு. கூட நிக்கறவன் தலை அஞ்சாச்சுன்னா கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். நாலு பேருன்னா கொள்ளை, அஞ்சு பேருன்னா கூட்டுக்கொள்ளை. சாக்கு பிடிக்கத்தான் வந்தேன்னு அஞ்சாமவன் அழுதாலும் அவன் தலையையும் எண்ணிருவாங்க. அதனால அந்த ஒல்லிப்பயலை வீட்டுல விட்டுட்டுப் போ. உங்க நாலு பேருக்காகத்தான் சொல்லுதேன், அவனுக்காக இல்ல.

இப்ப ஒரு நல்ல சேதி. அய்யாயிரம் ரூவாய்க்குக் கீழ உள்ள திருட்டு, அதுவும் மொதத் தடவைன்னா, பொருளையோ வெலையையோ குடுத்துட்டா சமூக சேவை மட்டுந்தான் தண்டனை. குடிச்ச எளநியைத் திருப்பிக் குடுக்க முடியாது, வெலையைக் குடுக்கணும். இந்தச் சின்னத் திருட்டுக்கு வாரண்ட் இல்லாமப் போலீஸ் உன்னைப் பிடிக்கவும் முடியாது. மொகம் மலருதே! பொறு. தோப்புக்கு வேலி உண்டுலா? திருடப் போறேன்னு வேலியைத் தாண்டினது அத்துமீறல். அதுக்கு வாரண்ட் வேண்டாம், நேரா வந்து சட்டையைப் பிடிக்கலாம். ஒரு கேசுல வாரண்ட் வேண்டாத குத்தம் ஒண்ணு இருந்தாலும் மொத்தக் கேசும் அந்தக் கணக்குலதான் ஓடும். எளநியில தப்பிச்சவன் வேலியில மாட்டினதை நான் எத்தனையோ கட்டுல பாத்திருக்கேன்.

ஸ்டேஷன்ல ஏட்டய்யாகிட்ட 'நான்தான் வெட்டினேன்'னு அழுதா, அந்த ஒப்புதல் கோர்ட்டுல செல்லாது. ஆனா 'அருவாளைக் கெணத்தடியில பொதைச்சிருக்கேன்'னு வாய விட்டு, அவங்களும் தோண்டி எடுத்தாங்கன்னா, அந்த மட்டுக்கும் செல்லும். அதனால அழுதா அழுகையோட நிறுத்திக்க, வழி சொல்லாத. எஃப்.ஐ.ஆர்ல உன் பேரு ஏ1-ன்னு இருக்கும், அதுல சந்தோசப்படாத. இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும், பயண நேரம் கழிச்சு. தீர்ப்பு வர்ற வரைக்கும் நீ குத்தம் சாட்டப்பட்டவன்தான், குத்தவாளி இல்ல. ஆனா உனக்குப் பொண்ணு கேட்டுப் போற வீட்டுல உங்கம்மா இந்த வித்தியாசத்தை எப்படி வெளக்குவாளோ, அது எனக்குத் தெரியல.

'மாமா, உங்களுக்கும் ரெண்டு குலை கொண்டாரேன்'னு வாயெடுக்காத. திருட்டுச் சொத்துன்னு தெரிஞ்சே வாங்கிக்கிட்டா எனக்கும் மூணு வருஷம் வரைக்கும் உண்டு. இந்த மூட்டுவலியோட உள்ள போயி நான் எங்க சம்மணம் போட?

நாளைக்குக் காலையில தோப்புக்காரன் காப்பி குடிக்க இங்கதான் வாரான். உங்கம்மா கையால ஒரு டம்ளர் போட்டுக் குடுத்து, 'அண்ணாச்சி, ரெண்டு எளநி வெட்டிக்கிடட்டுமா'ன்னு கேளு. 'ஒரு குலையா வெட்டிக்கோ'ம்பான். உடையவன் சம்மதிச்சுட்டா அதுல திருட்டும் இல்ல, குத்தமும் இல்ல. ருசிதான் கொஞ்சம் கம்மியா இருக்கும்.