அஞ்சாம் வகுப்புப் பேத்திக்கு ஆட்டுக்காரத் தாத்தா எழுதுறது

தாயி, இந்தக் கடுதாசியை நீயா வாசிக்கப்போறதில்லைன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். உனக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. உங்க அப்பன்தான் வாசிச்சுக் காட்டணும். அவன் கோவில்பட்டியில படிச்ச தமிழுக்கு இன்னைக்குத் திருப்புதல். ஏலே, வாசிக்கிறவனே, திக்காம வாசி. பிடிக்காத வரியை முழுங்கிராதே. எல்லாத்தையும் போன்ல பேத்திகிட்ட கேட்டுக்கிடுவேன்.

மார்ச் பிறந்துட்டா உங்க வகுப்புல இங்கிலீஷுக்குத் திருப்புதல் தொடங்கிருமே. 2024ல அமெரிக்காவுல, எடிசன் ஊர்ல உங்க வீட்டுல கம்பளியும் குல்லாயுமா உக்காந்திருந்தப்ப எல்லாத்தையும் பார்த்தேன். 'லாங்குவேஜ் ஆர்ட்ஸ்'னு நீ சொன்னதும் கூத்து ஏதோ சொல்லிக்குடுக்குறாகன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டேன். கடைசியில பார்த்தா வாசிக்கிறதும் எழுதுறதும்தானாம். கூத்து அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுச்சு.

மொதல்ல அந்த மஞ்சப் பேனா. முக்கியமான வரிக்கு மட்டும் பூசச் சொன்னாக உங்க டீச்சர். நீ பக்கம் முழுக்கப் பூசி, நலுங்கு வச்ச கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டே. எதுக்குத்தான் பூசலைன்னு கேட்டேன். பக்க எண்ணைக் காட்டுனே. வயக்காட்டுல களை எது, பயிர் எதுன்னு தெரியாதவன் இப்படித்தான் எல்லாத்துக்கும் உரம் போடுவான்.

அடுத்து 'ரேஸ்'. குதிரை ரேஸோன்னு பயந்துட்டேன். கேள்வியைத் திருப்பிச் சொல்லு, பதிலைச் சொல்லு, பாடத்துலயிருந்து சான்று காட்டு, அது எப்படிச் சான்றாகுதுன்னு விளக்கு. இந்த நாலுக்கும் இங்கிலீஷ்ல மொத எழுத்தைச் சேர்த்தா ரேஸாம். இதைக் கண்டுபிடிச்சவன் எங்க ஊர் மடத்துல நடந்த பஞ்சாயத்தைப் பார்த்திருப்பானோன்னு எனக்குச் சந்தேகம். ஒரு ஆட்டுக்கு ரெண்டு பேர் சண்டை. ரெண்டு பேரும் சான்று காட்டுனாக. காதுல இருக்கிற வெட்டு என் வெட்டுதான்னான் ஒருத்தன். என் வெட்டுன்னான் இன்னொருத்தன். விளக்கமும் மணிக்கணக்கா நடந்துச்சு. பெரியவர் ஒருத்தர், "பொழுது சாயட்டும், கயித்தை அவுத்து விடுங்க, எந்தப் பட்டிக்குப் போகுதுன்னு பாப்போம்"னார். அவுத்து விட்டா, அது நேரா மூணாவது ஒருத்தன் பட்டிக்குள்ள போயி நின்னுருச்சு!

நீயும் அந்த ரெண்டு பேர் மாதிரிதான் செய்றே தாயி. பதிலை மொதல்லயே எழுதிவச்சுட்டு, அதுக்கு ஒரு வரி ஆம்புடுதான்னு பாடத்துல துழாவுறே. ஆட்டை அவுத்து விட்டுப் பாரேன்.

'இன்ஃபெரன்ஸ்'னு ஒண்ணு வந்துச்சே, எழுதியிருக்காததை எழுதியிருக்கிறதை வச்சுப் புரிஞ்சுக்கிடுறது. அது உனக்குச் செரமமா இருக்குன்னு உங்க அம்மா வருத்தப்பட்டுச்சு. நான் சொல்லித் தாரேன். ராத்திரி உங்க அம்மா, "மாமா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?"ன்னு கேக்கும். கேக்கும்போதே ஒரு கை சட்டிக்கு மூடி போடும். இப்ப உன் கேள்வி: சட்டியில சோறு இருக்கா, இல்லையா? (ஏலே, இந்த வரியையும் சத்தமா வாசி.)

இந்த ஹாம்பர்கர் கட்டுரைதான் எனக்குச் செரிக்கவே இல்லை. மேல ஒரு ரொட்டி, நடுவுல மூணு அடுக்கு, கீழ ஒரு ரொட்டி. மேல் ரொட்டியில சொல்லப்போறதைச் சொல்லணும், நடுவுல மூணு காரணம் சொல்லணும், கீழ் ரொட்டியில சொன்னதையே மறுபடியும் சொல்லணும். எங்க ஊர் மேடையில மைக்கைப் பிடிச்சவுக எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவுகதான் போல. "எனக்கு வசந்தகாலம் பிடிக்கும்"னு எழுதுனே, மூணு காரணம் சொன்னே. நாலாவதா ஒண்ணு இருந்தா என்ன செய்வேன்னேன். "மூணுதான் தாத்தா கேட்டாங்க"ன்னே. ரெண்டுதான் இருந்தா? "ஒண்ணை உண்டாக்கணும்"னே. ஒன்பது வயசுல உனக்கு அரசியல் கத்துக்குடுத்துட்டாக.

மார்க்கு விசயத்துலதான் உங்க நியூ ஜெர்சிக்காரவுக தாராளம். 2024ல மூணாம் வகுப்புலயிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அந்த மாநிலப் பரீட்சை இருந்துச்சாம். மார்க்கு 650ல தொடங்கி 850ல முடிஞ்சுச்சாம், 750 எடுத்தா அந்த வகுப்புக்குத் தேறுன மாதிரியாம். அப்ப, சும்மா போயி உக்காந்து எந்திரிச்சாலே 650! எங்க வாத்தியார் முட்டை போட்டார், அதையும் முதுகுல போட்டார்.

நீ ரொம்பக் கவலைப்படாதே. அந்த நாட்டுல 2024ல பிள்ளைகளோட வாசிப்பைச் சோதிச்சுப் பார்த்ததுல, நாலாம் வகுப்புல நூத்துக்கு 40 பேர் அடிப்படை மட்டத்தையே எட்டலையாம். பொறந்ததுலயிருந்து வீட்டுல இங்கிலீஷ் பேசுற பிள்ளைகளும் அதுல உண்டு. அங்க நடக்கிற தேசிய ஸ்பெல்லிங் போட்டியில நம்மாளுக கோப்பை வாங்குறதைச் சொல்லி உங்க அப்பன் மார்தட்டுறான். 2019ல எட்டுப் பேர் சேர்ந்து செயிச்சாக, அதுல ஏழு பேர் இந்திய வம்சமாம். சரிதான். ஆனா விதையை எண்ணத் தெரிஞ்சவன் எல்லாம் வெள்ளாமை செய்யத் தெரிஞ்சவனாயிருவானா?

நீ நல்லா வாசிச்சது எப்பத் தெரியுமா? அந்தச் 'சார்லட்ஸ் வெப்' கதையை எனக்குச் சொன்னியே, அன்னைக்கு. வெளிய பனி கொட்டுச்சு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, உனக்குத் தமிழ்ல பாதி வார்த்தை கிடைக்கலை. பண்ணையில ஒரு பன்னிக்குட்டி, குளிர் வந்ததும் அறுத்துருவாகன்னு அதுக்குத் தெரிஞ்சுபோகுது. கதவு மேல ஒரு சிலந்தி, அதைக் காப்பாத்துறேன்னு வாக்குக் குடுக்குது. எப்படின்னேன். "வலையில எழுதும் தாத்தா"ன்னே. என்ன எழுதும்னேன். அந்தப் பன்னி பெரிய பன்னின்னு எழுதும்னே. வார்த்தைக்கு எங்க போகும்னேன். எலி குப்பைமேட்டுல கிடக்கிற காகிதத்தைக் கடிச்சுட்டு வரும், அதுல பார்த்துச் சிலந்தி தேர்ந்தெடுக்கும்னே. சிலந்தி சாகுற இடம் வந்ததும் உனக்குத் தமிழும் வரலை, இங்கிலீஷும் வரலை. மூக்கை உறிஞ்சுனே. அதைவிட என்ன சான்று வேணும் எனக்கு?

அப்புறம் உங்க அப்பனை விட்டு எண்ணச் சொன்னேன். அந்தச் சிலந்தி கதை முழுக்க நாலு தடவைதான் எழுதுது. மொத்தம் அஞ்சே வார்த்தை. அஞ்சு வார்த்தையில ஒரு உசிரைக் காப்பாத்திருச்சு. மேல் ரொட்டி, கீழ் ரொட்டி ஒண்ணும் கிடையாது. 1952ல அதை எழுதுன ஈ.பி. வைட்டுங்கிறவர் பண்ணையில ஆடு, மாடு, பன்னி வளர்த்தவராம். அதான பார்த்தேன்! அவரே 1959ல, தன்னோட பழைய வாத்தியார் எழுதுன இங்கிலீஷ் எழுத்துக் கையேட்டைத் திருத்திப் புதுசா வெளியிட்டாராம். வேண்டாத வார்த்தையை வெட்டுங்கிறதுதான் அதுல முக்கியமான பாடமாம். உங்க டீச்சர் மேசையிலயும் அது இருக்கும். திறந்து பார்க்கத்தான் அவுகளுக்கு நேரம் இருக்காது, பாவம், நூறு ஹாம்பர்கர் திருத்தணும்ல.

நான் சிலேட்டுல எழுதிக் கோவை இலையில அழிச்சு அஞ்சாம் வகுப்போட நின்னவன். வாசிப்பு எனக்கு டீக்கடையில வந்துச்சு. தினத்தந்தியை நான் சத்தமா வாசிப்பேன், எழுத்துத் தெரியாத பத்துப் பேர் கேப்பாக. ஒரு வரியைத் தாண்டிட்டா, "என்னடா, கொன்னவன் பேரைக் காணோம்?"னு அதட்டுவாக. எழுத்து வந்தது இன்லண்ட் லெட்டர்ல. பட்டாளத்துல இருக்கிற மகனுக்குக் கிழவி ஒரு மணி நேரம் சொல்லுவா. அழுவா, திட்டுவா, மாடு கன்னு போட்டதைச் சொல்லுவா. அந்த நீலத் தாளுல மடிப்புக்கு மடிப்பு எண்ணி வச்ச மாதிரிதான் இடம். எதை விட்டா அவ ஏமாந்துபோவா, எதை விட்டா அவன் ஊருக்கு ஓடி வந்துருவான்னு பார்த்துப் பார்த்து எழுதணும். உங்க டீச்சருக்கு உன் கட்டுரையில தெரியாதது ஒண்ணுமில்லை தாயி. அவுக காத்துக்கிட்டு இருக்கல. அந்தக் கிழவி மகன் காத்துக்கிட்டு இருந்தான்.

அதனால பரீட்சைக்குப் போறதுக்கு முன்னால ஒரு வேலை செய். நம்ம கருப்பு வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளைச் சுழி. இன்னும் பேர் வைக்கலை. உங்க அப்பனை எழுத்தைக் காட்டச் சொல்லி, ரெண்டு பேர் மட்டும் தமிழ்ல உன் கையால எழுதி அனுப்பு. காரணம் ஒண்ணும் வேண்டாம். தபால்காரர் எங்க தெருவுக்குப் பதினோரு மணிக்கு வருவார்.